சீல் பிரிக்காத பம்ப்

எதற்கும் என் பேச்சைக் கேட்காத அருமைத் தம்பி குமாருக்கு,

மூச்சு முட்டி நீ போய் ஏழு மாதம். நாம் சேர்ந்து வேலைக்குப் போன ஷிப்ட் பஸ்ஸின் வாட்ஸ்அப் குழுவில் உன் பெயரை இன்னும் எடுக்கவில்லை. தினமும் உனக்குக் காலை வணக்கம் வருகிறது.

போன வாரம் வடக்குத்து ஊரில் உன் வீட்டில் அரிசி டிரம்மைக் கழுவும்போது உன் மனைவி ஒன்றைக் கண்டெடுத்தாள். மூச்சிரைப்புக்கு டாக்டர் கடைசியாக எழுதிக்கொடுத்த பம்ப். சீல்கூடப் பிரிக்கவில்லை. "இளைப்பு சுத்தமா நின்னுடுச்சுண்ணா" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாயே. அண்ணனிடமே பொய் சொல்ல எப்போது கற்றாய்?

நானும் நம்பினேன். முந்திரித் தோப்பில் அரிவாள் கிழித்த உன் முழங்கால் காயம் பத்தே நாளில் மூடிக்கொண்டது. இப்படி ஆறுகிற உடம்பை இளைப்பு என்ன செய்துவிடும்?

கல்லூரியில் உயிரியல் படிக்கும் உன் மகள் கவிதா அதற்கும் நேற்று பதில் சொன்னாள். "நரம்ப வளக்கிற புரதம் ஒண்ணு இருக்கு பெரியப்பா. காயம் ஆறவும் அது கைகொடுக்கும். அலர்ஜி இருக்கிறவங்களுக்கு அதுவே மூச்சுக்குழாயில ஜாஸ்தியாயி, நரம்பக் கிளப்பிவுட்டு, வீக்கத்த ஏத்திவுடும்."

காலில் வைத்தியன், மார்பில் கலகக்காரன். நம் கம்பெனி டவுன்ஷிப்பில் இப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். பொதுவாகத் தொழிற்சங்கத் தேர்தலில் நிற்பார்கள்.

"கூடப் பொறந்ததே குழி பறிக்குதா?" என்றேன். உன்னையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். "அப்பா ஏன் பம்ப் அடிக்கிறத வுட்டுச்சு, தெரியுமா? இளைச்சிக்கினே வேலைக்குப் போச்சே, ஏன்? பஸ்ல நீங்க என்னா சொன்னீங்க?"

நினைவு வந்தது. நீ பம்பை வாயில் வைத்தாய். "எந்த டயருக்குடா காத்து அடிக்கிற?" என்றேன். பஸ்ஸே சிரித்தது. நீயும் சிரித்தாய். வாழ்நாளில் நீ என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

மகளிடம் சொன்னதை என்னிடம் சொல்லாமல் போனாயே. திருப்பி ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

கவிதாவுக்கும் இளைப்பு இருக்கிறது. பம்பைப் பென்சில் டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறாள். நாளைக் காலை அவள் போகும் பஸ்ஸில் நானும் ஏறுகிறேன். எல்லோரும் பார்க்க அவள் அடித்துக்கொள்ளட்டும். யாராவது டயர் என்று வாயெடுத்தால் எழுந்து நின்று சொல்வேன்: அது பழைய ஜோக், சொன்னவன் நான், கேட்டவன் செத்துவிட்டான். இது சத்தியம்.

உன்னிடம் ஏமாந்த,
உன் கூடப் பிறந்தவன்.