பெரியப்பா வீட்டுப் பந்தக்கால்

பிச்சாட்டூர்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் பிரித்திகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்தான், நைனாவுக்குத் தையல் பிரித்துவிட்டார்கள், அந்தக் குளிர்தேசத்தில் உனக்குத் திருச்சானூர்த் தாயார் துணை இருக்கட்டும். போனில் பேசினால் நைனா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த 'இர்ரெட்யூசிபிள்' என்ற வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேனே, இதற்குமேல் சுருக்க முடியாத பின்னத்தைக் கணக்கில் அப்படிச் சொல்வார்கள் என்றாய். திருப்பதி டாக்டரம்மாவைக் கேட்டேன், குடலிறக்கத்தில் வெளியே பிதுங்கிய குடலைக் கையால் உள்ளே தள்ள முடியாவிட்டால் அப்படி எழுதுவார்களாம். நைனா ஒரு வருஷமாக எனக்குக்கூடச் சொல்லாமல் அடிவயிற்றில் பிதுங்கின அந்தக் கட்டியைத் தானே அழுத்தி அழுத்தி உள்ளே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்குக் கிணற்று மோட்டாரைத் தூக்க உன் பெரியப்பா கூப்பிட்டபோது வலிக்கிறது என்றாராம். அதற்கு அந்த மனுஷன் கூலியாட்கள் எதிரில், "வேலைன்னாலே வவுத்தெ புட்ச்சிக்கினு நாடகம் ஆட்றான்" என்றிருக்கிறார். ரோஷத்தில் நைனா தூக்கினார், வெளியே வந்தது திரும்பப் போகவில்லை. புத்தூர் தாண்டும்போது ஆட்டோவில் என் மடியில் அவர் துடித்ததைச் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆபரேஷனுக்குக்கூட உன் பெரியப்பா எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது அவர் மகள் நந்திதாவுக்குக் கல்யாணம். அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தம்பிதான் குழி தோண்டிப் பந்தக்கால் நட வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம், உனக்கே தெரியும். நேற்று உன் பெரியப்பா தாம்பூலத்தட்டோடு வந்து, "தம்பி கடப்பாரெயெ தொட்டாலே போதும்மா வசந்தா" என்று குழைந்தார். "நாடகம் ஆட்றவரு மாமா, உங்க வூட்டு நல்ல காரியத்துக்கு எதுக்கு?" என்றேன். தட்டைத் தொடவில்லை. முகம் செத்துப்போய்த் திரும்பினார், எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நந்திதா என்ன பாவம் செய்தாள் என்பாய், அவளுக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் பந்தக்கால் நடத் தம்பி இல்லாமல் அவர் ஊரார் எதிரில் நிற்க வேண்டும், கூலியாட்களும் அதைப் பார்க்க வேண்டும். மன்னித்துவிடு என்று நீ போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறாய். சீட்டில் எழுதின வார்த்தை என் கோபத்துக்கும் பொருந்தும், அழுத்தினால் உள்ளே போகாது.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. பெரியப்பாவுக்குப் போன் செய்யாதே. தீர்க்காயுசாக இரு. இன்று காலை நைனா கொல்லையில் கடப்பாரையைக் கழுவி மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "இன்னா இருந்தாலும் எங்க அண்ணன்மே" என்கிறார். பிடுங்கிக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டேன், அந்தக் கட்டில்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பந்தக்கால் ஞாயிற்றுக்கிழமை. அதுவரை எழுந்திருக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா வசந்தா