ஹாலிஸின் மேப்பிள் சரிவு

என்னவனுக்கு,

மருத்துவர் உன் கால்களைப் பற்றிச் சொன்னதை நேரில் பேசிக்கொள்வோம். நேற்று ஊர்க்கூட்டத்தில் நான் பேசினேன், முதலில் அதைக் கேள்!

இந்தப் பனிக்காலத்திலிருந்து தன் மேப்பிள் மரச் சரிவில் யாரும் பனிச்சறுக்க வரக்கூடாது என்றார் ஹாலிஸ். "இவ வீட்டுக்காரர் கதியப் பாத்தீங்கல்ல? நாளைக்கு இன்னொருத்தன் விழுந்தா யாரு பதில் சொல்றது?"

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் எழுந்துவிட்டேன்.

"அவரை மேலேருந்து தூக்கிட்டு வந்தது யாரு, ஹாலிஸ்? சம்பளம் வாங்காம அந்தப் பாதையை வெட்டினவங்கதானே! அவங்க இல்லேன்னா அவர் அங்கேயே விறைச்சுப் போயிருப்பார். அவங்களையா வராதேங்கறீங்க?"

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியேறினார். காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

இன்று காலை பாதை வெட்டும் நம் குழு சரிவின் அடியில் தயங்கி நின்றபோது, ரம்பத்தோடு அவரே வந்தார். பின்னாலேயே ஊரில் பாதிப் பேர். பனிச்சறுக்குப் பலகையில் ஏறியே இராதவர்கள்கூட! கீழ்ப்பாதையில் புதர் வெட்டியவர்களை அவர் விட்டபாடில்லை.

"இன்னும் அகலமா வெட்டுங்கப்பா! உக்காந்துக்கிட்டே சறுக்குற வண்டி இதுல எப்படித் திரும்பும்?"

யாருக்காக என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அத்தனை பேரும் இன்னும் இரண்டடி தள்ளி வெட்டத் தொடங்கினார்கள். நீ சேர்த்த கூட்டம் இது.

தலைநிமிர்ந்து,
உன்னவள்