மிளகாய் நெடியும் நாத்தனார் முடிச்சும்

ஜூலை 9

ஆபீசில் யாரோ புது சென்ட் அடித்து வந்திருந்தார்கள். கழுத்தெல்லாம் தடிப்பு, அரிப்பு. மாத்திரை போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தேன். "மறுபடியுமா?" என்றார் மேனேஜர். ஆமாம் சார், மறுபடியும்தான். ஆசைப்பட்டா வாங்கி வந்தேன் இதை?

ஜூலை 14

தம்பி தீபன் வந்தான். ஆவணியில் கல்யாணம், பத்து காஜா ஊர்க்கோயில் மண்டபத்தில். "முதல் முடிச்சு நான் போடுவேன்க்கா. மத்த ரெண்டும் நீதான். ஷாமினிக்கு வேற நாத்தனார் யாரு இருக்கா லா?"

சிரித்தபடி சரி என்றேன். அவன் போனதும் அழுதேன். ஓமப்புகை, சூடம், மல்லிகை, ஊர்ப்பட்ட சனத்தின் சென்ட். அங்கே எப்படி நிற்பேன்?

ஜூலை 15

போடுவேன். போட்டே தீருவேன்.

ஜூலை 22

ஸ்பெஷலிஸ்டிடம் போனோம். மாமியார் நல்லம்மாளும் கூட வந்தார். டாக்டர் அவருக்காகப் பொறுமையாகச் சொன்னார்: மாஸ்ட் செல் என்பது உடம்பின் காவல் நாய், எனக்கு அது புகைக்கும் பூவுக்கும் பழைய குழம்புக்கும்கூடக் குரைக்கிறது, சில நேரம் வீட்டுக்காரியையே கடிக்கிறது. மூச்சு அடைத்தால் உடனே குத்த ஊசி எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

காரில் ஏறியதும் அத்தை ஆரம்பித்தார். "ரத்தத்துல ஒன்னுமில்லன்னு போன தடவ சொன்னாங்கதானே? தம்பி நிச்சயதார்த்தத்துல எல்லாக் கண்ணும் இவ மேலதான். கண்ணேறு லா இது."

கனகராஜ் ரேடியோவைக் கூட்டி வைத்துக் காரை ஓட்டினார். புருஷன் என்று ஒருத்தர்!

ஆகஸ்ட் 4, மருத்துவமனை

முந்தாநாள் வெள்ளிக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அத்தை வந்து காய்ந்த மிளகாயும் உப்பும் என்னைச் சுற்றி, கரி நெருப்பில் போட்டுவிட்டார். ஒரு நொடிதான். நாக்கு தடித்தது, மூச்சு இறங்கவில்லை, சுவர் சாய்ந்தது. கனகராஜ் ஓடி வந்து தொடையில் ஊசியைக் குத்தினார். குத்திய கையோடு அவரே தரையில் உட்கார்ந்துவிட்டார், பாவம்.

கண்ணேறு இருந்தால் மிளகாய் கமறாது என்பது அத்தையின் சாஸ்திரம். கமறியது. "நெடி வந்துச்சே, அப்ப கண்ணு இல்லியே" என்று ஆம்புலன்ஸ் வரும்வரை அழுதாராம். கண்ணேறு இல்லை என்று நிரூபிக்க நான் சாகப் பார்த்தேன்!

ஆகஸ்ட் 5

வீடு. "கொல்லப் பாத்தீங்களே அத்தே" என்று கத்திவிட்டேன். அவர் அடுப்படிக்குப் போனார். மதியம் தட்டை நீட்டினார். "இன்னிக்கு அறுத்த கோழி. நேத்து வச்சதில்ல. பெலாச்சான் இறால் விழுதும் போடல." டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

சாப்பிட்டேன். கோபம் போகவில்லை.

ஆகஸ்ட் 11

தீபன் போன் செய்தான். "நீ வர வேணாம்க்கா. உன் உயிர் முக்கியம். துளசிய முடிச்சுப் போடச் சொல்லிக்கிறேன்." துளசி எங்கள் சித்தி மகள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

அத்தை போனைப் பிடுங்கினார். "தம்பி, கூடப் பொறந்தவ உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தி எதுக்கு? ஐயர்கிட்ட நான் பேசறேன். ஓமத்த முன்னாலயே முடிச்சு நெருப்ப எடுத்திரட்டும். மல்லி வேணாம், கனகாம்பரம் போதும். யாரும் சென்ட் போட்டு வரக்கூடாதுன்னு சொல்லிரு. வந்தா நான் பாத்துக்கிறேன்."

அவர் பார்த்துக்கொள்வார். சந்தேகமே இல்லை.

ஆகஸ்ட் 25

போட்டுவிட்டேன்!

மாஸ்க் போட்டுக்கொண்டு, மேடையில் காற்றாடிக்கு முன்னால் நின்றேன். படியில் அத்தை. சூடத்தட்டோடு வந்தவரை, "அங்கேயே நில்லுங்க, பொம்பள உசுரு" என்று மேளத்துக்கு மேலே கத்தினார். ஷாமினி கழுத்தில் மஞ்சள் வாசம் மட்டும்தான். இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டேன். தீபன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

முகம் சிவக்க ஆரம்பித்தது. பந்திக்கு இருக்காமல் கிளம்பிவிட்டோம்.

ஆகஸ்ட் 26

உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி. லீவு சொல்லிவிட்டேன்.

காலையில் அத்தை பின்கதவுக்குக் கூப்பிட்டார். ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு பிடி கல்லுப்பு. "நேத்து ஊரே உன்னத்தான் பாத்துச்சு" என்று என்னை மூன்று சுற்றுச் சுற்றி, உப்பைத் தண்ணீரில் போட்டார். "இதுக்குப் புகையில்ல." அது கரையும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கிளாசை எடுக்கக் குனிந்தார். இடுப்பில், சுருக்குப்பை செருகும் இடத்தில், என் ஊசி இருந்தது.