பல்லால் அறுத்த நூல்

பிப்ரவரி 3

பல் டாக்டரின் கார் காலையில் வந்துவிட்டது. லாரியிலிருந்து இறக்க நான்கு பேர்; யோசனை சொல்லத் தெருவே கூடிவிட்டது. கறுப்பு வண்டி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், முன்கண்ணாடி இரண்டு துண்டாக வரும் அந்தக் காலத்து உடம்பு. டாக்டர் பானெட்டைத் தடவிக்கொண்டே, "இவதாம்மா என் மூத்த சம்சாரம். வீட்ல இருக்கிறவகிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

விளக்குகள் எரியவில்லை. ஹார்ன் நினைத்தபோது கத்துகிறது. ஒருமுறை டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்திருக்கிறது. குனிந்து பார்த்தேன். துணி சுற்றிய பழைய ஒயர், தொட்டால் உதிர்கிறது. மொத்தத்தையும் உருவிவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் தருவதாகச் சொன்னேன்.

இதுதான் கடைசி வண்டி என்று மகளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். இது முடிந்ததும் ஷெட்டைக் காலி செய்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளோடு போய்விட வேண்டும். மாலையில் போன் செய்தாள். "வண்டி வந்துடுச்சா? கடைசிதானே?"

ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 6

பழைய ஒயர் முழுவதையும் உருவியாயிற்று. தரையில் போட்டால் ஏதோ பிராணியின் குடல் மாதிரி கிடக்கிறது. எது எங்கே போகிறது என்று சுவரில் சாக்பீஸால் வரைந்து வைத்தேன். ஷெட்டின் பெரிய பல்பை இழுத்து எரியவைக்கும் கயிறு இன்னும் என் வீட்டுக்காரரின் உயரத்திலேயே தொங்குகிறது. ஒவ்வொரு தடவையும் ஸ்டூல். கயிற்றை நீளமாக்க வேண்டும் என்று மூன்று வருடமாக நினைக்கிறேன்.

பிப்ரவரி 9

புது ஒயர்களைக் கற்றையாகச் சேர்த்துக் கட்டத் தொடங்கினேன். தோல் தைக்கிற மெழுகு நூலால் நாலு விரல் இடைவெளியில் ஒரு கட்டு. இந்தக் காலத்து வண்டிக்கு டேப் ஒட்டினால் போதும்; பழைய வண்டிக்கு நூல்தான் அழகு, சூட்டில் பிசுபிசுக்காது.

சாப்பிடப் போகும்போது ஸ்டீயரிங் தண்டு வரை கட்டியிருந்தேன். திரும்பி வந்தபோது கட்டு ஸ்பீடோமீட்டர் வரை போயிருந்தது.

கட்டிவிட்டு மறந்திருப்பேன். வயது ஆகிறது.

பிப்ரவரி 10

மறக்கவில்லை.

காலை வெளிச்சத்தில் கட்டுகளைப் பார்த்தேன். ஸ்டீயரிங் தண்டு வரை என்னுடையவை, நூல்முனை கத்தரியால் வெட்டியது, நேராக நிற்கிறது. அதற்கு அப்பால் இருப்பவற்றின் முனை நசுங்கியிருக்கிறது. நசுங்கின இடத்தில் ஒரே ஒரு இழை மட்டும் அறுபடாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பூனை மீசை மாதிரி.

இதை யாரும் படிக்கப் போவதில்லை என்றாலும் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். அவர் நூலைக் கத்தரியால் வெட்டியதே கிடையாது. முடிச்சுப் போட்டதும் முகத்தைக் கொண்டுபோய்ப் பல்லால் கடித்து அறுப்பார். ஒயரின் ரப்பரையும் பல்லால்தான் உரிப்பார். அப்படி உரித்த ஒருநாள் மேல் முன்பல்லின் இடது ஓரம் தெறித்துவிட்டது. அன்றிலிருந்து அவர் கடித்த நூலில் அந்த இடைவெளியில் சிக்கிய ஒரு இழை மட்டும் தப்பித்துக்கொள்ளும். கத்தரி பக்கத்திலேயே ஆணியில் தொங்கும். "கையை நீட்டினா எடுக்கலாம்ல?" என்று கத்துவேன். "எனக்குக் கத்தரி வாயிலயே இருக்கு" என்பார். கல்யாணமான நாள் முதல் எங்களுக்குள் தீராத வழக்கு அது.

அவர் போய் மூன்று வருடம். இதே ஷெட்டில், ஒரு வண்டிக்கு அடியில் படுத்தபடியே. வெளியே இழுத்தது நானும் எதிர்வீட்டுக்காரரும். வாய் திறந்திருந்தது. தாடையை மூடித் துணியால் கட்டியது நான். அந்த உடைந்த பல்லைக் கடைசியாகப் பார்த்தவள் நான்தான்.

நூல்கண்டு போன வாரம் வாங்கியது. கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு இன்னும் அதன் மேல் இருக்கிறது.

பிப்ரவரி 11

வேலை செய்யவில்லை. கத்தரி ஆணியில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 13

காய்கறி வாங்கிக்கொண்டு வந்தபோது எதிர்வீட்டு அக்கா வாசலில் நிறுத்திவிட்டார். "என்னம்மா, வேலைக்கு ஆள் வெச்சிருக்க, சொல்லவே இல்ல?"

"ஆளா? யாரும் இல்லக்கா."

"சும்மா சொல்லாத. நீ இப்பதானே கடைலேர்ந்து வர்ற? உள்ள ஸ்பேனர் கீழ விழுந்துச்சு. அப்புறம் ஒரு 'ச்சே'. ஆம்பள குரல்."

ரேடியோவாக இருக்கும் என்றேன். ஷெட்டில் ரேடியோ கிடையாது. அக்காவுக்கும் அது தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா, ரேடியோதான்" என்று உள்ளே போய்விட்டார்.

ஷெட்டுக்குள் போய்த் தரையைப் பார்த்தேன். ஸ்பேனர் எல்லாம் பலகையில் அதனதன் இடத்தில் இருந்தன. ஒன்று மட்டும் தலைகீழாக.

பிப்ரவரி 16

தெருப்பக்கக் கதவையும் சமையலறைப் பக்கக் கதவையும் பூட்டினேன். இரண்டு சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு பேட்டரி வாங்கப் போனேன். போகும்போது ஹார்ன் ஒயரைப் பாதியில் விட்டிருந்தேன். வேண்டுமென்றே.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே போனதும் டிரைவர் சீட்டைத்தான் முதலில் பார்த்தேன். சீட்டுத் தடத்தின் கடைசிப் பல் வரை பின்னால் தள்ளியிருந்தது. நான் உட்கார்ந்தால் கால் பிரேக்கை எட்டாது. ஹார்ன் ஒயர் முடிந்திருந்தது. முடிச்சின் முனையில் அந்த மீசை.

தொட்டேன். விரல் சூட்டில் மெழுகு இளகியது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் யாரோ தொட்ட மாதிரி—இல்லை, மெழுகு எப்போதுமே அப்படித்தான் இளகும். எதையும் ஏற்றிச் சொல்லக்கூடாது.

பயமா? பயம்தான். ஆனா ஷெட்டை விட்டு வெளியே வர மனசு வரலையே, அது என்ன?

பிப்ரவரி 18

மகள் வந்துவிட்டாள். எதிர்வீட்டு அக்கா போன் செய்திருக்கிறார். வந்த வேகத்தில் என் புடவைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கட்டுகளைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கும் அந்த மீசை தெரியும். சின்ன வயதில் அதைப் பிடித்து இழுத்து விளையாடுவாள்.

"நீதாம்மா பண்ணியிருக்க" என்றாள், மெதுவாக. "அப்பா மாதிரியே கடிச்சிருக்க. உனக்குத் தெரியாம."

"சீட்டு?"

"அதையும் நீதான் தள்ளியிருப்ப."

"எதிர்வீட்டு அக்காவுக்குக் குரல் கேட்டுச்சே?"

"அவங்களுக்கு எப்பதான் எது கேக்காம இருந்திருக்கு? அம்மா, தனியா இருந்தா இப்படித்தான் ஆகும். உன்ன குத்தம் சொல்லல. அங்க ஒரு நல்ல டாக்டர் இருக்காரு, சும்மா பேசிட்டு வரலாம்."

நான் என்ன பைத்தியமா? கட்டினவரோட முடிச்சு எது, என் முடிச்சு எதுன்னு எனக்குத் தெரியாதா? அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஆனால் அவள் சொன்னது உள்ளே உட்கார்ந்துவிட்டது. நானேதானோ? அப்படியென்றால் மூன்று வருடத்துக்கு முன்னால் போனவர் போனதுதான். நான்தான் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 20

டாக்டர் தன் மூத்த சம்சாரத்தைப் பார்க்க வந்தார். மகள்தான் முந்திக்கொண்டாள். "சார், ஒரு நூலைப் பார்த்து, கடிச்சது யாருன்னு சொல்ல முடியுமா?"

"வாழ்க்கைல முதல் தடவையா யாரோ வாயத் திறக்காமலே பல்லைப் பார்க்கச் சொல்றீங்க" என்று சிரித்தார். அவரைப் பொறுத்தவரை அது விளையாட்டு. தான் வந்த வண்டியிலிருந்து தன் பையை எடுத்துவந்தார், பூதக்கண்ணாடி வைத்த மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எனக்கு ஒரு துண்டு மெழுகு நூலைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார். கடித்தேன். மகளையும் கடிக்கச் சொன்னார். "நானா?" என்றாள். "வீட்ல ரெண்டு பேர் இருந்தா ரெண்டு பேரையும் சந்தேகப்படணும், அதான் முறை." அவளும் கடித்தாள்.

பிறகு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து அந்த மீசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது. சாதாரணமாக வேலை செய்யும்போது பேச்சை நிறுத்தாத மனிதர் அவர்.

வெளியே வந்து எங்கள் இருவரின் நூலையும் மறுபடி பார்த்தார். "கோர்ட்ல கூப்பிட்டுக் கேட்டா சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இது உங்க ரெண்டு பேர் பல்லும் இல்லம்மா. உங்களுக்கு முன்வரிசை சீரா இருக்கு, இப்படி விழவே விழாது. இது வேற ஆளு. ஒவ்வொரு கட்டுலயும் அதே ஆளு. மேல் முன்பல்லு, இடது ஓரம் தெறிச்சிருக்கு. ரொம்ப நாள் முன்னாடி தெறிச்சிருக்கணும், ஓரம் தேய்ஞ்சு மழுங்கிப் போயிருக்கு."

மகள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"நல்ல கைம்மா அது. இப்படி ஒரு கட்டு நான் பார்த்ததில்ல. யார் உங்க ஆளு? கிளினிக்குக்கு வரச் சொல்லுங்க, அந்தப் பல்லை நான் சும்மாவே சரி பண்ணித் தர்றேன்."

மகள் கூடத்துக்குப் போனாள். பின்னாலேயே போனேன். அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். படத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். அந்தப் பல்லுக்காகத்தான் எந்தப் படத்திலும் வாயைத் திறக்க மாட்டார்.

பிப்ரவரி 21

மகள் ஷெட்டுக்குள் வர மறுக்கிறாள். சமையலறை வாசலோடு நின்றுகொள்கிறாள்.

"இதுக்கப்புறமும் இங்க இருக்கணுமா உனக்கு?"

"இதுக்கப்புறம் எப்படிடி வர்றது?"

அதற்கு அவள் அழுதாள். அழுகைக்கு நடுவில் சொன்னது இது: "வர்றதா இருந்தா என்கிட்ட வந்திருக்கலாம்ல? ஒரு கார்கிட்ட வரணுமா?"

இருபத்தைந்து வருடம் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 22

மதிய பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். அடுக்கிய பெட்டி கட்டிலுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. வண்டி முடிந்ததும் வந்து கூட்டிப்போவதாகச் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 25

எல்லா விளக்கும் எரிகிறது. ஹார்ன் அழுத்தினால் மட்டும் கத்துகிறது. பின்விளக்குக்குப் போகும் கற்றையில் ஒரே ஒரு கட்டு மிச்சம். நூலைச் சுற்றி முடிச்சையும் போட்டேன். முனையை வெட்டவில்லை. நாளை வண்டி போய்விடும். வண்டி போனால் மகள் வருவாள். அவள் வந்தால் நான் போக வேண்டும். அதன்பிறகு இந்த ஷெட்டில் யார் முடிச்சுப் போடுவது, யார் திட்டுவது?

திடீரென்று கோபம் வந்துவிட்டது. இத்தனை வருடம் சொல்லியும் கேட்கவில்லை, செத்தும் கேட்கவில்லை. கத்தரியை ஆணியிலிருந்து எடுத்து நூல்முனைக்குப் பக்கத்தில், சீட்டின் மேல் வைத்தேன். வெற்று ஷெட்டைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். "இதோ இருக்கு. கையை நீட்டினா எடுக்கலாம். இன்னொரு தடவ வாய வெச்சீங்க, பார்த்துக்குங்க."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தேன். நூல் வெட்டியிருந்தது. நேராக, முடிச்சை ஒட்டி, கத்தரியால். மீசை இல்லை. கத்தரி சீட்டின் மேல், வாய் திறந்தபடி.

ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷப்பட வேண்டும். ஆனால் இந்த முடிச்சை டாக்டரிடம் காட்ட முடியாது, மகளிடம் காட்ட முடியாது. நான் வெட்டியது போலவே இருக்கிறது. சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டார், அத்தோடு தடயமும் போயிற்று. இனி எது அவர், எது நான் என்று எப்படித் தெரியும்?

பிப்ரவரி 26

டாக்டர் தானே ஓட்டிக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும்வரை ஹார்ன் அடித்துக்கொண்டே போனார். போகும் முன் சொன்னார்: "உங்க ஆளு வரவே இல்லையே? கூச்ச சுபாவமோ?" ஆமாம் என்றேன்.

மார்ச் 2

மகள் போன். என்னைக் கூட்டிப்போவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இருமல் எப்படி இருக்கிறது, மழை உண்டா என்றெல்லாம் கேட்டாள். வைக்கும் முன், "அடுத்த வண்டி ஏதாவது வருதா?" என்றாள். டாக்டரின் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார் என்றேன். "வரச் சொல்லு" என்றாள்.

மார்ச் 5

கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்து புடவைகளை அலமாரியில் திரும்ப வைத்தேன்.

கடைக்குப் போய் அவருக்கென்று இன்னொரு கத்தரி வாங்கினேன். ஷெட்டில் என் கத்தரி தொங்கும் ஆணிக்கு நேர் மேலே, பல்புக் கயிற்றின் உயரத்தில், ஸ்டூல் மேல் ஏறி ஒரு புது ஆணி அடித்து மாட்டினேன். பிறகு ஸ்டூலைக் கொண்டுபோய் எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

கீழே நின்று கையைத் தூக்கிப் பார்த்தேன். எட்டவில்லை.