கொடைக்கானல் போகாத ஆரஞ்சு கார்

மாப்ள,

இன்று காலை கோச்சடையில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். "ஓட்டாமலே கெடக்கு, பேட்டரி செத்துரும்ப்பா. செத்த ஸ்டார்ட் பண்ணி விடு" என்று உன் அப்பா கூப்பிட்டிருந்தார். காரின் கதவைத் திறந்ததும் வெயிலில் வெந்த பிளாஸ்டிக் வாசனை முகத்தில் அடித்தது. சீட்டுகளில் கவரைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

உனக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் போன கோடையில் அப்பா வாங்கித் தந்த வண்டி. மேலே கருப்பு, கீழே ஆரஞ்சு. நீ செய்த அலப்பறை கொஞ்சமா? "எம்புட்டு அழகா இருக்கு பாரு மாப்ள! பெட்ரோலை மோந்து பாத்துட்டே ஓடிரும்" என்றாய். கல்லூரி முடிந்து, இருவரும் வேலையில் சேர ஒரு மாதம் இருந்தது. அதற்குள் அதில் கொடைக்கானல் போய் வர வேண்டும், அவ்வளவுதான் நம் ஆசை.

ஆனால் குலசாமிக்குக் காட்டாமல் புது வண்டி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதாம். கோவிலோ பூட்டிக் கிடந்தது. யாருக்கு முதலில் பரிவட்டம் கட்டுவது என்று உன் பங்காளிகளுக்குள் சண்டை. உன் பெரியப்பா கதவைத் திறக்கவே விடவில்லை.

"பூட்டுன கதவுக்கு முன்னாடியே எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டுக் கெளம்புவோம்டா" என்றேன்.

"அடப் போடா, பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா அம்புட்டுத்தான். அடுத்த வாரம் பேசி முடிச்சிருவாக" என்றாய்.

அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். தினமும் சாயங்காலம் வண்டியைத் துடைத்துவிட்டு, ஏசியைப் போட்டு, வாசலிலேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்டோம். பைத்தியக்காரப் பயல்கள்! விடுமுறை அப்படியே தீர்ந்துபோனது.

ஆடியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. பத்தே நாள்தான், போய்ச் சேர்ந்துவிட்டாய். சாமிக்குக் காட்டாமல் எடுத்தால் ஆகாது என்றார்களே, நாம் எடுக்கவே இல்லையே மாப்ள! நான் யாரிடம் போய்ச் சண்டை போட?

இன்று உன் தங்கை வந்து நின்றாள். "அண்ணே, லீவுக்குக் கூடப் படிக்கிற பிள்ளைகளோட கொடைக்கானல் போறேன், வண்டியக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள். கோவில் இன்னும் திறக்கவில்லை. அப்பா என் கையிலிருந்த சாவியை வாங்கி அவளிடம் கொடுத்தார். பிறகு, "போயிட்டு வரட்டும். அன்னைக்கே ஒங்களை அனுப்பியிருக்கணும்" என்றார்.

உன் பெரியப்பாவைத் திட்டினேன், உன்னையும் திட்டினேன். திட்டியும் ஆறவில்லை. அந்தச் சாயங்காலங்களில் ஸ்டீயரிங் என் கையில்தான் இருந்தது. எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் கிளம்பவில்லை.