பொத்சுன் இமைக்காத எண்பத்து நான்கு நிமிடம்

அன்பு மகன் ரெய்ஜிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். மழைக்காலம் தொடங்கி ஒன்பது நாள் ஆகிறது, அப்பாவின் முழங்கால் அதை வானொலிக்கு முன்பே அறிவித்துவிட்டது. மொன்றியலில் உனக்குச் சளி விட்டதா, உப்பிலிட்ட உமே பழம் வந்து சேர்ந்ததா என்று எழுது.

நீ அங்கே போகுமுன் வரைந்து கொடுத்த மழைக்குட்டி பொத்சுனால் எங்கள் கார்ட்டூன் பட ஸ்டூடியோவில் இரண்டு வாரமாக ஒரே அமளி. கனசாவாவிலிருந்து ஒரு தாய் கடிதம் போட்டிருந்தாள். மகள் ஹொனோக்காவுக்கு ஐந்து வயது. படம் பார்த்த நாளிலிருந்து படுத்தால் கண்ணை மூட மறுக்கிறாளாம். கேட்டால், "பொத்சுன் தூங்கவே மாட்டாம்மா, அவ மட்டும் தனியா முழிச்சிருந்தா பாவமில்லையா" என்கிறாளாம். பாலர் பள்ளியில் சாப்பாட்டு டப்பாமேலேயே கவிழ்ந்து தூங்கி, நெற்றியில் சோற்றுப் பருக்கையோடு வீட்டுக்கு வந்திருக்கிறது குழந்தை. பொத்சுன் தூங்குவாளா மாட்டாளா என்று நீங்களே எழுதிவிடுங்கள், என் பேச்சை இவள் நம்பவில்லை என்று முடித்திருந்தாள்.

இரண்டாம் படத்தின் வேலை நடப்பதால் இயக்குநர் குராமொச்சி கூட்டம் போட்டார். "மந்திரப் பிறவிக்கு எதுக்குங்க தூக்கம்? தூங்கினா கனவு காணணும், கனவுன்னா புதுசா நாற்பது பின்னணி வரையணும், உங்க மாமனாரா வந்து வரைவாரு" என்றார். படங்களைச் சரிபார்க்கும் இசோமுரா மேஜைக்கடியில் தன் படுக்கைப் பையிலிருந்து தலையை நீட்டி, "தூங்க வைங்க சார், மூச்சுக்கு ரெண்டே படம், மாத்தி மாத்திப் போட்டா ஒரு நிமிஷம் ஓடிரும், நாங்களும் கொஞ்சம் கண்ணசருவோம்" என்றாள். பதில் சொல்ல வாயெடுத்த இயக்குநர் கன்னத்தில் கைவைத்தபடி தூங்கிப்போனார். யாரும் எழுப்பவில்லை. கூட்டத்தில் தூங்குகிறவரை நம் ஆட்கள் கடும் உழைப்பாளி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

நான் வீட்டுக்கு வந்து படத்தை முதலிலிருந்து போட்டு, கையில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். எண்பத்து நான்கு நிமிடம். தூங்குவதை விடு, பொத்சுன் ஒரு தடவைகூட இமைக்கவில்லை. மறுநாள், அவள் முகபாவங்களை நீ வரைந்து வைத்த மாதிரித் தாள்களை எடுத்துப் பார்த்தேன். சிரிப்பு, அழுகை, கோபம், தும்மல் என்று பதினொரு முகம். தும்மும்போதுகூடக் கண் திறந்தே இருக்கிறது. கண் மூடிய முகத்தை நீ வரைய மறந்துவிட்டாய், அவ்வளவுதான். மாதிரித் தாளில் இல்லாததை வரையக்கூடாது என்பதால் படத்துக்கு வரைந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவரும் வரையவில்லை, மந்திரக் குழந்தை அப்படித்தான் போலிருக்கிறது என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டார்கள். உன்னை மட்டும் சொல்லவில்லை. வண்ண அட்டவணை போட்டவள் நான். இமைக்கு என்ன வண்ணம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். முப்பத்தொரு வருஷ அனுபவம் வேறு.

இயக்குநரிடம் சொன்னபோது தலையைச் சொறிந்துகொண்டு, "அப்போ அவ தூங்காதவ இல்லக்கா, நாமதான் அவளைத் தூங்கவிடல" என்றார். பொத்சுன் தூங்குவாள் என்று எழுதி, கனவு காண்பாளா என்பதை ஹொனோக்காவிடமே கேட்டேன். பதிலாக ஒரு படம் வந்தது, நகலை இதோடு வைத்திருக்கிறேன். கூரைத் தண்ணீர்க் குழாயில் பொத்சுன் படுத்திருக்கிறாள், தலைக்கு மேலே கனவு வட்டத்துக்குள் ஹொனோக்கா நிற்கிறாள். ஆனால் பொத்சுனின் கண் இரண்டும் திறந்திருக்கின்றன. ஹொனோக்கா சொன்னதை அவள் அம்மா ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: "மூடின கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல. நீங்க வரைஞ்சு அனுப்புங்க. வந்ததும் நானும் தூங்கறேன்."

முதல் தாளை வரைந்த நீதான் இதையும் வரைய வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். இமை வண்ணத்துக்காக நான் மதியம் தூங்கும் அப்பாவின் முகத்தருகே உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்தேன். கன்னத்தைவிட ஒரு சாயல் அடர்த்தி. விழித்துக்கொண்டவர், "என்னடி இப்படிப் பாக்கறே, இருக்கேனா போயிட்டேனான்னா" என்று கேட்டார். பொத்சுனுக்கும் நீலத்தில் ஒரு சாயல் கூட்டி எண் போட்டு வைத்துவிட்டேன்.

இன்னொன்று. போன செவ்வாய்க்கிழமை அப்பா நேரத்தைக் குழப்பிக்கொண்டு மாலை நான்கு மணிக்கு உன்னைக் கூப்பிட்டாரே, உனக்கு அப்போது விடியற்காலை மூன்று. முதல் மணியிலேயே எடுத்தாய், குரலில் தூக்கக் கலக்கமே இல்லை. "வேலை இருக்குப்பா" என்றாயாம். அப்பா இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள், எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. படத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு, அதுவரை குழந்தை காத்திருக்கும். ஆனால் முதலில் படுத்து, முழுசாகத் தூங்கி எழுந்து, பிறகு வரை. மூடின கண் எப்படி இருக்கும் என்பதை மறந்துபோன கை வரைந்தால், ஹொனோக்கா கண்டுபிடித்துவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
தோக்கியே