ஓனுகியின் சைக்கிளுக்கு நான் போட்ட விலை

அன்புள்ள மகள் சவாகோவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாகவே இருக்கிறோம், நீ ஊராருக்குப் போன் போட்டுச் சொல்வதுபோல் நான் ஒன்றும் விழுந்து கிடக்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் லிஸ்பனில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சக்காயில் குளிர் விட்டுவிட்டது, அம்மா முள்ளங்கி ஊறுகாயை ஜாடி மாற்றி வைத்திருக்கிறாள், என் இரத்த அழுத்தத்தைப் பார்த்து டாக்டரே தலையாட்டினார். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படி.

காலமான என் சினேகிதன் ஓனுகியின் மனைவி தோமோயேவுக்கு நீ அங்கிருந்து போன் செய்து, அப்பாவுக்கு அந்தப் பழைய ரேஸ் சைக்கிளை விற்காதீங்க, எழுபத்து நாலு வயசு, விழுந்தா எழுந்திருக்க மாட்டார், பழைய சைக்கிள் கடைக்காரன் கேட்ட விலைக்கே கொடுத்துடுங்க என்று சொன்னாயாம். அவளே என்னிடம் சொன்னாள். என்னைக் கேட்காமல் என் முதுகுக்குப் பின்னால் செய்தாய். அது எனக்கு வருத்தம், அதை மறைக்கப் போவதில்லை. கடைக்காரன் கேட்ட விலை என்ன தெரியுமா? இருபத்தைந்தாயிரம் யென். சைக்கிளைச் சுவரிலிருந்து நகர்த்தக்கூட இல்லை, வாசலில் நின்றபடியே, பெரியம்மா, இதெல்லாம் இரும்புக்கடைச் சரக்கு, நான் எடுத்துட்டுப் போறதே உங்களுக்கு உதவி என்றானாம். ஓனுகியின் நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்தில் அவள் இதைச் சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் திருடன், அது ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்குக் காசு குறையாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சும்மாவே எடுத்துக்கொள்ளலாமே என்று நீ நினைப்பாய். நான் ஓனுகியைவிட இரண்டு வயது மூத்தவன். இறந்தவர் பொருளை நினைவாக இளையவனுக்குக் கொடுக்கலாம், மூத்தவனுக்கு நீட்டுவது மரியாதை இல்லை. ஆகவே விலை வேண்டும், அதுவும் நியாயமான விலை.

இதே மாதிரி சைக்கிளுக்கு இணையத்தில் என்ன விலை பார் என்று என்னை மலைக்க வைக்க நீ அனுப்பிய படங்களையும் பார்த்தேன், மூன்று லட்சம் நான்கு லட்சம் என்று போட்டிருக்கிறது. அது கேட்கிற விலை, கைமாறின விலை இல்லை. நானும் கேட்கலாம் பத்து லட்சம். சைக்கிளுக்கு விலை சைக்கிளில்தான் இருக்கிறது. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கழற்றிக் கழற்றிக் கற்றுக்கொண்டேன். போன ஞாயிறு அவள் வீட்டு முற்றத்தில் அதைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தேன். பெயின்ட் பட்டறையில் அடித்த அதே பெயின்ட், மேலே பூசவில்லை. கியரும் பிரேக்கும் ஒரே வருஷத்துச் சரக்கு, ஒன்றுகூட மாற்றியதில்லை. சீட் கம்பி துருவேறிப் பிடித்திருக்கும் என்று பயந்தேன், வெண்ணெய்போல் கழன்று வந்தது. சக்கரம் கோணாமல் சுற்றியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, என் வாய் பொய்யாகவில்லையே என்று. கடைசியாக ஹேண்டிலுக்குக் கீழே சாய்ந்து இறங்கும் குழாயின் அடியில் அழுக்கைத் துடைத்து விரலை ஓட்டினேன். அங்கே தோல் சுருங்கினாற்போல் ஒரு மேடு. சவாகோ, முன்சக்கரம் எதிலோ பலமாக மோதினால்தான் அப்படி வரும். அந்தக் குழாயோடு மலையிறக்கத்தில் போகிறவன் உயிரோடு வீடு திரும்புவான் என்று சொல்ல முடியாது. பிரேமுக்கு இனி விலை இல்லை, பாகங்களுக்கு மட்டும்தான். எழுபதாயிரம்.

சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. ஊர் முன்னாடி பெரிசா ஒண்ணு சொன்னீங்க, வாங்குற கை உங்க கைன்னதும் சரசரன்னு இறங்குதே அண்ணே என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு விதவையை ஏமாற்ற வந்தவன்போல் அவள் வீட்டிலேயே நிற்கிறேன். இன்னும் பத்து இருபதாயிரம் கூட்டிச் சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம், ஆனால் அது பொய் விலை. என்னை நம்ப வேண்டாம், உங்கள் விரலை வைத்துப் பாருங்கள் என்றேன். அவள் குனிந்து தடவினாள். திரும்பவும் தடவினாள். பிறகு, பாவி மனுஷன், வண்டியில மோதிக்கிட்டதை மறைச்சு, அலமாரி சரிஞ்சு தோள்ல விழுந்துச்சுன்னார், நானும் அந்த அலமாரியை வித்துத் தொலைச்சேன் என்று சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்ப கடைக்காரன் சொன்ன விலைதானே சரி, அதையே குடுங்க என்றாள். கூடவே கூடாது என்றேன். அவன் இந்த மேட்டைப் பார்த்தா சொன்னான்? கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். எழுபது என்றால் எழுபதுதான். அவள் ஐம்பதுக்கு வந்தாள், அறுபதுக்கு வந்தாள், நான் நகரவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டாள்.

ஆனால் சைக்கிளைத் தரவில்லை. உங்களுக்கு விக்க மாட்டேன்னு உங்க பொண்ணுகிட்ட வாக்கு குடுத்துட்டேன், அவ வாயால விடுவிச்சாத்தான் வண்டி வாசல் தாண்டும் என்கிறாள். என்னைவிடப் பிடிவாதக்காரி. ஆக, விலை முடிந்துவிட்டது, மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். உன் பயத்துக்கும் பதில் சொல்கிறேன். அந்தக் குழாயைப் பட்டறையில் கொடுத்து மாற்றாமல் நான் அதில் ஏற மாட்டேன். மாற்றும் கூலி சைக்கிள் விலையைவிட அதிகம், என் பணம், என் இஷ்டம். உன் அம்மாவிடம் சொன்னபோது, அப்படியே புருஷனுக்கும் ஒரு புதுக் குழாய் போடுவாங்களான்னு விசாரிச்சுட்டு வாங்க என்றாள். அவள் சம்மதித்துவிட்டாள் என்று இதற்கு அர்த்தம்.

நீ சம்மதிக்காவிட்டாலும் நான் விடப் போவதில்லை. வாரம் தவறாமல் அவள் வீட்டுக்குப் போய் டயருக்குக் காற்றடித்துவிட்டு வருவேன், காலியான டயரில் வண்டி நிற்கக்கூடாது. எத்தனை வாரமானாலும் சரி. ஆனால் ஒன்றை நினைத்துப் பார். ஐந்து வயதில் சைக்கிள் பழகும்போது நீ, சீட்டைப் பிடிக்காதீங்கப்பா, விடுங்க என்று தெருவே கேட்கக் கத்தினாய், நான் கையை விட்டேன். விழுவாய் என்று தெரிந்துதான் விட்டேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், குளிரில் கழுத்தை மூடிக்கொண்டு போ. தோமோயே காலையில் காது கருவியை மாட்டுவதில்லை, அதனால் இங்கே சாயங்காலமாகும் நேரம் பார்த்துப் பேசு.

கோபம் இன்னும் தீராத, ஆனால் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அப்பா,
ஹமாதானி தொகுஜி